ரெண்டுங்கெட்டான் வண்டி

"ஹைப்ரிட் சார்! ரோட்லயும் பறக்கும், மலையும் ஏறும்" என்றார் கள்ளக்குறிச்சி சைக்கிள் கடைக்காரர். 700சி சக்கரம், 40 மில்லிமீட்டர் டயர், நேரான ஹேண்டில்பார், 21 கியர். கேரியர்? கிடையாது. மட்கார்டு, ஸ்டாண்டுக்குத் தனிக் காசு. கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது முழங்காலைக் காப்பாற்றுவது பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம்தான். 21 என்கிற எண் அல்ல. முன்னால் துள்ளும் சஸ்பென்ஷனோ ஏற்றத்தில் வெறும் சுமை. கல்வராயன் மலையின் மண்தடத்துக்கு 2 அங்குல டயராவது வேண்டும். ஆனாலும் திட்ட மனமில்லை: பாதி தார், பாதி பள்ளமாகக் கிடக்கிற சாலைக்கு இந்த ரெண்டுங்கெட்டானே பொருத்தம். பிளஸ் ஒன் பிள்ளைகளின் அரசு சைக்கிளோ கியரே இல்லாமல், கேரியரில் தோழியும் ஹேண்டிலில் சாப்பாட்டுப் பையுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கடைக்காரர் சிபாரிசு செய்வதில்லை. விலையில்லாததற்கு என்ன கமிஷன் கிடைக்கும்?