அடைப்புக்குறிக்குள்ள என்ன இருக்குது அம்முணி?

எந்தப் படிப்புல சேர்றதுன்னு அப்புச்சிகிட்ட ரோசனை கேக்க வந்தயா அம்முணி? சரியான எடத்துக்குத்தான் வந்துருக்கற. வெவரந் தெரிஞ்சவங்கல்லாம் அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிட்டாங்க. திண்ணையில சும்மா உக்காந்துருக்கறவங்கிட்டத்தான் ரோசனை மலிவாக் கெடைக்கும். காசும் கேக்க மாட்டேன், கவுன்சிலிங்னு பேரும் வெச்சுக்க மாட்டேன்.

பிளஸ் டூவுல காமர்ஸ் படிச்சு மார்க்கும் வாங்கிட்ட. இனி என்னன்னு கொழப்பமா இருக்குதாக்கும். எதுக்குக் கொழப்பம்? சுளுவான வழி எத்தனையோ இருக்குது. உன்ற சிநேகிதி எங்க சேர்றாளோ அங்கயே நீயும் சேர்ந்துக்க. மூணு வருசமும் பஸ்சுல எடம் புடிச்சு வெப்பா. நாலாவது வருசம் அவளுக்குக் கண்ணாலம் ஆயிப் பெருந்துறைப் பக்கம் போயிருவா. நீ சர்டிபிகேட்டைக் கையில வெச்சுட்டு, இதை எதுக்குடா படிச்சோம்னு அவளுக்கே போன் போட்டுக் கேட்டுக்கலாம்.

அது ஒத்து வரலீன்னா ஒறம்பரைக்காரங்க சொல்றதக் கேளு. கண்ணால வீட்டுப் பந்தியில பக்கத்து எலைக்காரர் எவரோ, அவரு சொல்றதுதான் சட்டம். அவரு பையன் என்ன படிச்சானோ அதான் ஒசந்த படிப்பு. அந்தப் பையன் இப்ப என்ன பண்றான்னு மட்டும் கேட்டுறாதே. பாயசத்துக்கு ஆள் வருதான்னு திரும்பிக்குவாரு.

அப்பறம் இருக்கவே இருக்குது அடைப்புக்குறி. அந்தக் காலத்துல பி.காம்.னா பி.காம்.தான். இப்ப நம்ம ஈரோடு, கோயமுத்தூருப் பக்கத்துக் காலேசுகள்ல அதுக்குப் பின்னால ஒரு அடைப்பு, உள்ள ரெண்டெழுத்து. சி.ஏ., பி.ஏ., ஐ.டி., சி.எஸ்., அது போக பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ், ஈ-காமர்ஸ். பி.காம். சி.ஏ.வுல சேத்தா நீ ஆடிட்டர் ஆயிருவீன்னு உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கறாரு. நான் வாயத் தொறக்கல. மாப்பிள்ளை மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல? உங்கிட்டச் சொல்றேன். அது கம்ப்யூட்டர் அப்ளிகேசன் அம்முணி. ஆடிட்டர் சி.ஏ. பட்டத்தை எந்தக் காலேசும் குடுக்க முடியாது. 1949-ல சட்டம் போட்டு ஆரம்பிச்ச இன்ஸ்டிடியூட்டு டெல்லியில இருக்குது, அதுதான் பரீட்சை வெக்கும், அதுதான் குடுக்கும். பி.காம். பி.ஏ.ன்னு போட்டிருந்தா ஒரே பீசுல ரெண்டு டிகிரின்னு உங்கம்மா பூரிச்சுப் போவா. அது புரொபசனல் அக்கவுண்டிங். சி.எஸ்.ன்னா கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்பு. அதைப் படிச்சுட்டாக் கம்பெனி செக்ரட்டரி ஆயிர முடியுமான்னா, அதுக்கும் வேற இன்ஸ்டிடியூட்டு, வேற பரீட்சை.

பாடத்திட்டத்தைச் சித்தப் பொரட்டிப் பாரு. எந்த அடைப்பா இருந்தாலும் பைனான்சியல் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்டிங், வருமான வரி, வணிகச் சட்டம், இதுகதான் பெரும்பாகம். மாறுறது சில பேப்பருதான். பேங்க் வேலைக்குப் போறதுக்கு பேங்கிங்தான் படிக்கோணும்னு உங்க சித்தப்பா சொன்னாராமா? ஐ.பி.பி.எஸ். கிளார்க்குப் பரீட்சைக்கு எந்த டிகிரி இருந்தாலும் போதும். தாவரவியல் படிச்ச புள்ளை கவுண்டர்ல உக்காந்து நகைக்கடன் சீட்டு எழுதலாம். எம்.பி.ஏ.வுக்கு எழுதற கேட்டும் டான்செட்டும் அப்படித்தான். சித்தப்பாகிட்ட இதைச் சொல்லாதே. பாவம், அவரு சொல்றதக் கேக்கறதுக்கும் ஒரு ஆளு வேணும்.

இன்னொரு வழி இருக்குது. இப்ப எதுக்குச் சம்பளம் அதிகமோ அதுல சேர்றது. இதைத்தான் கெட்டிக்காரங்கல்லாம் பண்றாங்க. 2010-ல ஈரோட்டுல மஞ்சள் குவிண்டால் 15,000 ரூவாயத் தாண்டுச்சு. நீ அப்பக் கைக்கொழந்தை. கரும்பு வெட்டுன காடு, வாழை நின்ன காடு, எல்லாத்துலயும் மஞ்சள். விதைக் கெழங்குக்கு அடிதடி. மஞ்சள் வெளைய ஒம்பது பத்து மாசம் ஆகும். அப்பறம் வெட்டி, வேக வெச்சு, காய வெச்சு, மெருகு போட்டு, மூட்டை கட்டி 2012-ல மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா 4,000 வாக்குல கேக்கறாங்க. எல்லாரும் ஒரே வெலையப் பாத்து ஒரே வெள்ளாமை போட்டாங்க, எல்லார் மூட்டையும் ஒரே நாள்ல எறங்குச்சு. இதுக்கு உங்க எகனாமிக்ஸ் புஸ்தகத்துல சிலந்தி வலைத் தேற்றம்னு பேராமா. மஞ்சளுக்குப் பத்து மாசம், உன்ற டிகிரிக்கு முப்பத்தாறு மாசம். இன்னைக்கு வெலையப் பாத்து ஊன்றவளுக்கு மூணு வருசங் கழிச்சு என்ன வெலைன்னு சொல்ல எந்தச் சோசியனாலயும் ஆகாது. இஞ்சினியரிங்கையும் இப்படித்தான் பண்ணாங்க. தமிழ்நாட்டுல 500-க்கு மேல காலேசு மொளைச்சுது. அப்பறம் புள்ளைக சேராமப் பூட்டுப் போட்ட காலேசும் இருக்குது. அந்தக் கூட்டந்தான் இப்பப் பி.காம். வாசல்ல வந்து நிக்குது.

மஞ்சள் வேவாரி எப்படி வாங்கறாருன்னு ஒரு நாளு வந்து பாரு. சாக்குல என்ன எழுதியிருக்குதுன்னு பாக்க மாட்டாரு. மாதிரிக்கு வெச்ச விரலி மஞ்சள்ல ஒண்ண எடுத்துப் பட்டுன்னு ஒடைச்சு, உள்நெறத்தப் பாத்துப்போட்டுத்தான் சீட்டுல வெலை எழுதுவாரு. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன ஈரோட்டு மஞ்சளையே ஒடைச்சுத்தான் பாக்கறாங்க. அடைப்புக்குறி வாங்குன உன்னைச் சும்மா உட்டுருவாங்களா? இண்டர்வியூவுல ஒரு பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒரு கேஷ் புக்கையும் முன்னால தள்ளி, ரெண்டும் எங்க ஒதைக்குதுன்னு சொல்லும்மான்னு கேப்பாங்க. அப்ப அடைப்புக்குறி வந்து பதில் சொல்லாது.

அதனால படிப்போட பேரப் பாக்கறதுக்கு முந்தி, அந்தப் படிப்பு படிச்சவங்க காலைல பத்து மணிக்கு உக்காந்து என்ன பண்றாங்கன்னு பாரு.

ஆடிட்டர் ஆகோணுமா? 19-ஆம் தேதி சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போ. மறுநா ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் பண்ணக் கடைசி நாளு. மாசம் பூராத் தூங்கிட்டிருந்த பார்ட்டி அன்னைக்குத்தான் மஞ்சப்பையத் தூக்கிட்டு வருவாரு. உள்ள நூல் வாங்குன பில்லு, லாரி வாடகைப் பில்லு, அதுகூடப் பேத்தி காதுகுத்துக்கு எடுத்த சேலைப் பில்லு. எல்லாமே கம்பெனிச் செலவுதானுங்கன்னு சிரிப்பாரு. அதுல எது ஆகும், எது ஆகாதுன்னு பிரிச்சு, இது ஆகாதுங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றதுதான் அந்தத் தொழிலு. சட்டத்தை எல்லாரும் படிச்சுருவாங்க. அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தான் நெஞ்சு வேணும். பி.காம்.ல 55 சதவீதம் இருந்தாப் பவுண்டேசன் எழுதாம நேரா இண்டர்மீடியட்டுக்குப் போயிக்கலாம். ஆர்ட்டிகிள்ஷிப் முந்தி மூணு வருசம், 2023-ல வந்த புதுத் திட்டத்துல ரெண்டு. மார்ச் 31 ராத்திரி மில்லு குடோன்ல நூல் மூட்டைய எண்ணிட்டிருக்கோணும். எடுத்த எடுப்புலயே தேறுறவங்க கொறைச்சல். முட்டி மோதற வரைக்கும் ஊட்டுல பொறுத்துக்கோணும். உங்கப்பா பொறுத்துக்குவாரு, ஆடிட்டர்னு ஊருக்குச் சொல்லிப்போட்டாரல்ல.

இல்ல, பொருள் செய்யற எடந்தான் புடிக்குமா? திருப்பூருல உன்ற மாமன்கிட்டப் போயி ஒரு நாளு உக்காரு. ஒரு டி-சர்ட்டுக்கு நூல் எத்தனை கிராம், நிட்டிங் கூலி, சாயக்கூலி, கட்டிங் வேஸ்ட், தையக்கூலி, பட்டன், பாலிபேக், தூத்துக்குடி வரைக்கும் லாரி வாடகை, எல்லாத்தையும் ஒரு சீட்டுல கூட்டி வெச்சுருப்பான். வெளிநாட்டுப் பையரு அஞ்சு சென்ட் கொறைச்சுக்கன்னு ஒரு வரி மெயில் போடுவான். அஞ்சு சென்ட்டு நாலு ரூவாய்க்கு மேல. லச்சம் பீசுக்கு நாலு லச்சத்துக்கு மேல. சரின்னு சொல்றதா, முடியாதுன்னு சொல்றதா? 2025 ஆகஸ்டுல அமெரிக்கா வரிய 50 சதவீதமாக்குனப்பத் திருப்பூரே முழிச்சுது. எந்த ஆர்டரை எடுத்தா நட்டம் கம்மி, எதை உட்டா மிசின் நிக்கும்னு கணக்குப் போட்டுச் சொன்னவங்களத்தான் மொதலாளிக பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாங்க. இந்தக் கணக்குக்குன்னே சி.எம்.ஏ.ன்னு ஒரு படிப்பு இருக்குது. பந்தியில யாரும் அதப் பத்திப் பேச மாட்டாங்க. அதனாலயே அது என்னன்னு போயிப் பாரு.

பி.பி.ஏ.வா? பதினேழு வயசுல நிர்வாகம் படிக்கறது நல்ல காரியந்தான். நிர்வாகம் பண்ண நாலு ஆளு மட்டும் வேணும். ஊட்டுல உன்ற தம்பி ஒருத்தன் இருக்கறான், அவனை ஆறு மணிக்கு எழுப்பிக் காட்டு பாக்கலாம். எம்.பி.ஏ.வும் வேண்டாம்னு சொல்லல. ரெண்டு வருசம் வேலை பாத்து, திட்டு வாங்கி, அப்பறம் போனீன்னா அங்க சொல்றது வெளங்கும். கேட் எழுதிப் போறதுன்னா ஐ.ஐ.எம். திருச்சியிலயே 2011-ல வந்தாச்சு. ரோட்டோரக் கண்ணாடிக் கட்டடத்தப் பாத்து மயங்கறதுக்கு முந்தி, அங்க படிச்ச நாலு பேரு இப்ப எங்க இருக்கறாங்கன்னு வெசாரி.

கம்ப்யூட்டரே எல்லாக் கணக்கையும் போட்டுருதே அப்புச்சின்னு கேப்ப. போடட்டும். டாலி வந்தப்பவும் கணக்குப்புள்ளைக பொழப்புப் போச்சுன்னுதான் சொன்னாங்க. இப்பப் பில்லப் படம் புடிச்சா எண்ட்ரி தானா உழுகுதாமா. வெறும் எண்ட்ரி போடத் தெரிஞ்சவங்களுக்குக் கஷ்டகாலந்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்தக் காதுகுத்துச் சேலைய மிசினு கம்பெனிச் செலவுலயே போட்டாலும் போட்டுரும். அங்க நின்னு இது என்னங்கன்னு கேக்க ஒரு ஆளு வேணும். அந்த ஆளாப் படி.

பாரம் குடுக்க இன்னம் நாளிருக்குது. அதுக்குள்ள ஆடிட்டர் ஆபீசு, மாமன் கம்பெனி, பேங்க்கு, மூணு எடத்துலயும் போயி ஓரமா உக்காந்து பாரு. பத்து ரூவா ஒதைச்சா அதைக் கண்டுபுடிக்காமத் தூக்கம் வராதா? சி.ஏ.வுக்குப் போ. இதுக்கு ஏன் இத்தனை செலவாகுதுன்னு நோண்டத் தோணுதா? காஸ்டிங்குக்குப் போ. எதுத்தாப்புல இருக்கறவரைப் பேசியே சம்மதிக்க வெக்கறது ருசியா இருக்குதா? சேல்ஸ், மெர்ச்சண்டைசிங்னு போ. மூணு எடத்துலயும் கொட்டாவி வந்தா வந்து சொல்லு. காமர்ஸ் இல்லாத படிப்பும் ஊருல இருக்குது, குடி முழுகிப் போகாது.

கடேசியா ஒண்ணு. எந்தக் காலேசு, எந்த அடைப்புங்கறதுல நீ கொஞ்சம் முன்னப் பின்னப் போனாலும் தப்பிச்சுக்கலாம். பற்று வரவு வெளங்காம மூணு வருசத்தத் தள்ளுனீன்னா எந்த அடைப்பும் உன்னைக் காப்பாத்தாது. மொத வருசத்து அக்கவுண்டன்சியக் கரைச்சுக் குடி. எவ்வளவு சம்பளம் வரும்னு கேக்கற ஒறம்பரைக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.