குச்சனூருக்கு எண்ணெய், குமுளிக்குப் பழம்

மாப்ள, இப்பிடி வந்து ஒக்காரு. தாய்மாமன் பேச்சு முள்ளாத்தேன் குத்தும். ஆனா வேற யாரு சொன்னாலும் நீ சண்டைக்குப் போவ.

உன் கடைச் சுவத்துல கீதாசாரம்னு ஒரு படம் மாட்டி, தெனமும் பூப் போடுற. சந்தோசம். அதுல இருக்கிற வசனம் கீதையோட 700 சுலோகத்துலயும் கெடையாதுப்பா. யாரோ எழுதிக் கண்ணன் தலையில கட்டிவிட்டுட்டாக. நெசமா அவரு ரெண்டாம் அத்தியாயத்துல சொன்னது, வேலைதேன் உன் பாத்தியதை, பலன் இல்லைன்னு. அர்ச்சுனன் அதத் தனக்குச் சொன்னதா எடுத்துக்கிட்டான். நீ என்னடான்னா, பழம் பறிக்க வந்த பொம்பளைக சாயங்காலம் கூலி கேட்டா அவுகளுக்கு எடுத்து விடுற! வில்லுப் புடிச்சவனுக்குச் சொன்னதக் கூடை சுமந்தவளுக்குத் திருப்பிவிட்ட கெட்டிக்காரன் நீ ஒருத்தந்தேன்.

ஏழரைச் சனின்னு குச்சனூருக்குச் சனிக்கெழமை தவறாமப் போற. எள்ளு, காக்கா பொம்மை, கருப்புத் துண்டு, நல்லெண்ணெய், ஒண்ணும் கொற வைக்கல. ஆடி மாசம்னா கேக்கவே வேண்டாம். அந்தக் கோயில் கதைய என்னைக்காச்சும் காதுல வாங்கினியா? தினகரன்னு ஒரு ராசா. புள்ள இல்லைன்னு சந்திரவதனன எடுத்து வளத்தாரு. அப்புறம் சொந்தப் புள்ளையும் பொறந்துச்சு. ராசாவ ஏழரை புடிச்சப்ப, வளத்த புள்ளதேன் இரும்புல சனீஸ்வரன் உருவம் செஞ்சு கும்பிட்டு, எங்கப்பன் படுற கஷ்டத்த எனக்குக் குடுன்னு நின்னான். சாமி மனசு எறங்கி, ஏழரை வருசத்த ஏழரை நாழிகையாக் கொறச்சாரு. மூணு மணி நேரம்! அவன் அடுத்தவர் பாரத்தக் கேட்டு வாங்கினான், கொறஞ்சுச்சு. நீ உன் பாரத்த எண்ணெயோட சேத்து விளக்குல ஊத்திட்டு, திரும்பிப் பாக்காம பஸ் ஏறிர்ற. சனீஸ்வரன் கணக்குப் பாக்கிறவரு மாப்ள, கமிசன் கடைக்காரரு இல்ல.

பாரதத்துல, சாந்தி பருவத்துல, சாசலின்னு ஒரு முனிவர். அசையாம நின்ன தவத்துல சடைக்குள்ள குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருச்சு. மனுசனுக்கு மெதப்பு தாங்கல. காசியில துலாதாரன்னு ஒரு யாவாரி இருக்கான், அவங்கூட இப்பிடிப் பேச மாட்டான்னு அசரீரி கேட்டுச்சு. போய்ப் பாத்தா அவன் கடையில சரக்கு வித்துக்கிட்டிருக்கான். அவன் பண்ணுன தவம், தராசு எல்லாருக்கும் ஒண்ணுபோல நின்னதுதேன். உன் தராசு யாருக்கு எப்பிடி நிக்கும்னு சந்தையில கேட்டுப் பாத்தேன். அத விடு.

தோட்டத்துக்கு வருவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சப்ப, நீதேன் மொத ஆளா மிட்டாய் குடுத்த. பந்தலுக்கு மருந்தடிச்சா இத்தன நாள் கழிச்சு அறுக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. மலைக்கு அங்கிட்டு வெல ஏறுதுன்னு போன் வந்தா மட்டும் உனக்கு அந்த எழுத்துத் தெரிய மாட்டேங்குது. முந்தாநாள் நனைஞ்ச கொத்து இன்னிக்குக் குமுளி ஏறுது. வட்டி கட்டணும், பந்தல் கம்பி மாத்தணும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனா மோட்டார் ரூமுக்குப் பின்னால ரெண்டு கொடிக்கு மட்டும் மருந்தே காட்டாம வச்சிருக்கியே, வீட்டுப் புள்ளைகளுக்குன்னு? தனக்கு ஒவ்வாதத அடுத்தவனுக்குச் செய்யாதேன்னு பாரதம் சொன்னத உன்னளவுக்கு வெளங்கிக்கிட்டவன் இந்தப் பள்ளத்தாக்குலயே கெடையாது. கோட்டயத்துல திங்கிறதும் புள்ளதேன்கிற சங்கதி மட்டும் உனக்கு இன்னும் வந்து சேரல.

சரி, உங்க அத்தை ரெண்டு கிலோ பழம் கேட்டா. எந்தக் கொடியில பறிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். வரப்புல நிக்கிறேன், உன் கை எங்கிட்டுப் போகுதுன்னு பாக்கணும்.