கனமான பத்திரிகை

ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. மலாக்காவில் கல்யாணப் பத்திரிகையை முதலில் அங்கே வைக்கலாம். ஆனால் மாமா பத்திரிகையை வீட்டு லேசர் பிரிண்டரிலேயே அடிக்கத் துணிந்துவிட்டால், முதல் பிரதி இயந்திரத்துக்கே படையல்.

"பளபளன்னு இருக்கணும்" என்பார் அத்தை. உடனே இங்க்ஜெட்டுக்கான போட்டோ தாள் வரும். லேசருக்குள் மை கிடையாது. டோனர் என்ற பிளாஸ்டிக் தூளை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கித் தாளில் பதிக்கிறது. அந்தச் சூட்டில் தாளின் பூச்சும் இளகி உருளையைக் கட்டிக்கொள்ளும். மணமகன் பெயர் வெளியே, மணமகள் உள்ளே.

உறையையும் அதே சூட்டுக்குள் விட்டால் இன்னும் விசேஷம். தானே ஒட்டும் ரகம், பத்திரிகையை வைக்குமுன்பே வாயை மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது சுருங்கும். மலாக்கா ஈரக்காற்றில் பிரித்துப் போட்ட தாளோ, நமத்த அப்பளமாய் வளைந்து நிற்கும்.

"எத்தனை கிராம்னு பார்த்து வாங்குங்க மாமா" என்றால், "கனமா இருந்தாத்தான்பா மரியாதை" என்று 300 கிராம் அட்டையோடு வருவார். பல வீட்டு மெஷின்களுக்கு 160 கிராமைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். அதற்குள் அத்தை, நல்ல நேரம் போய்விடுமென்று, வெற்று அட்டைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி முடித்திருப்பார்.