இருக்கட்டும் ஐயா

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை என்று சப்ரகமுவையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். ஆபீசில் கிளாக்கராகவோ மலையில் கணக்கப்பிள்ளையாகவோ இருந்து ஓய்வு பெற்றவர். ஈ.பி.எப். காசு மகள் கல்யாணத்தோடு போய்விட்டது. கொழும்பில் வேலை செய்யும் மகன், தன் கம்பனி தள்ளிவிட்ட கம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து முன் காம்பராவில் வைத்திருக்கிறான். அதன்மேல் பூப்போட்ட துணி. துணிக்கு மேல் பொலித்தீன் உறை. இந்தப் பக்கத்து மழைக்குக் கூரைத் தகரம் எந்த இடத்தில் ஒழுகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, டிவிசன் பிள்ளைகள் வைத்த பெயர் 'இருக்கட்டும் ஐயா'. கிழிந்த குடையா, நின்றுபோன மணிக்கூடா, பழைய கரண்ட் பில்லா, எறியலாமா என்று கேட்டால் பதில் ஒன்றுதான். "இருக்கட்டும்." கம்பியூட்டர் வந்த பிறகு இந்தக் குணத்துக்கு இடம் கூடிவிட்டது.

அந்த இடத்திலும் வந்த அன்றைக்கே ஒரு வழக்கு. ஹார்ட் டிஸ்க்கில் 500 ஜி.பி. என்று ஒட்டியிருக்கிறது, திரையில் 465 என்று காட்டுகிறது. மிச்சம் 35 எங்கே? டிஸ்க் செய்கிற கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, சாமான் ஒன்றுதான் என்று மகன் விளக்கினான். ஐயா நம்பவில்லை. "கொழுந்து நிறுக்கையில சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கிலோ கழிப்போமே, அந்த வேலைதான் இது" என்றார். தராசடியில் நின்று ஆயுள் முழுக்கக் கழித்தவர் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது?

அந்த 465உம் ஒருநாள் நிறைந்தது. சி டிரைவின் நீலக் கோடு சிவப்பாக மாறியது. செக்ரோல் எழுதியவருக்குச் சிவப்பு என்றால் அடிவயிறு கலங்கும். முதலில் தானே வைத்தியம் பார்த்தார். திரையில் இருந்த ஐகன்களில் பாதியைத் தூக்கினார். கோடு அசையவில்லை. ஐகன் வெறும் வழிகாட்டிதான். பலகையைப் பிடுங்கினால் வீடு காலியாகுமா? பிறகு பேத்தியின் ஸூம் வகுப்பு வீடியோக்கள் சிலவற்றை மனம் நொந்து ரீசைக்கிள் பின்னில் போட்டார். அப்போதும் அசையவில்லை. அந்தத் தொட்டியும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. காலி செய்ய மனசு இல்லை.

கடைசியில் டவுன் கொமினிகேஷனில் போட்டோ கொப்பி அடிக்கும் பையன் வரவழைக்கப்பட்டான். ஏ.எல். முடித்தவன், பொறுமைசாலி. வந்து உட்கார்ந்ததும் தொட்டியைத் திறந்தான்.

"ஐயா, இதுலயே 40 ஜி.பி. கிடக்குங்க. காலி பண்ணிரவா?"

"ஐயையோ தம்பி, அதுலதான் முக்கியமானதெல்லாம் இருக்கு. கை வச்சிராதே."

முப்பது நாள் தொட்டியில் கிடந்ததைத் தானாகவே அழிக்கும் வசதி ஒன்று விண்டோஸில் உண்டு. அதைப் போட்டுவிடட்டுமா என்று பையன் கேட்டான். "யாரைக் கேட்டு அழிக்கும்?" என்றார் ஐயா. பேச்சு அங்கேயே நின்றது.

அடுத்து டெம்ப் கோப்புறை. "இது தற்காலிகமா வந்ததுங்க ஐயா, அழிக்கலாம்."

"தற்காலிகமா? மண்சரிவுக்குப் பொறகு தற்காலிகக் கொட்டில்னு போட்டதுல எத்தனை வருசமா சனம் இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

பையன் பெருமூச்சு விட்டான். அடுத்தது 'கோத்தகிரி'. அதற்கடுத்தது 'கோத்தகிரி புதிது'. பிறகு 'கோத்தகிரி புதிது 2'. ஐயாவின் தங்கச்சி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய், நீலகிரியில் டேன்டீ தோட்டத்தில் கொழுந்து எடுத்து, அங்கேயே பேரப்பிள்ளை கண்டது. அந்தப் பேரப்பிள்ளைகள் தினமும் காலையில் வட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் அனுப்புகிறார்கள். ஐயா அதைப் போனிலிருந்து கம்பியூட்டருக்கு மாற்றுகிறார். மாற்றியதை மறந்து மறுபடியும் மாற்றுகிறார். ஒரே குத்துவிளக்கு மூன்று கோப்புறையில் எரிகிறது.

"ஒண்ணு போதாதுங்களா ஐயா?"

"தங்கச்சி அனுப்புனது. இருக்கட்டும்."

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் டிஸ்க்கில் பெரும்பகுதியைத் தின்றது குத்துவிளக்கு இல்லை. 'பத்திரம்' என்ற பெயரில் ஒரு கோப்புறை. திறந்ததும் பையனுக்குத் தலை சுற்றியது. வீட்டில் இருந்த டிரங்குப் பெட்டி முழுவதையும் ஐயா ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அரிசிக் கூப்பன் புத்தகம், அப்பாவின் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த கடிதம், ஈ.பி.எப். சீட்டுகள், தோட்டம் மாறிப்போனபோது துரை எழுதிக்கொடுத்த கடுதாசி. ஒரு தாளின் ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. அந்த ஓட்டையும் துல்லியமாக ஸ்கேன் ஆகியிருந்தது. தாத்தாவின் பெயர் ஒரு தாளில் முத்தையா, இன்னொன்றில் முத்தய்யா, சிங்களத்தில் எழுதிய மற்றொன்றில் வாசித்தால் வேறு யாரோ.

கம்பியூட்டர் தெரிந்தவர்கள் இப்படிப்பட்டவரைப் பைத்தியம் என்பார்கள். சொல்வதற்கு முன் அந்தத் தாள்களின் திகதிகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடில்லாதவர்களாக்கியது. 1949இன் சட்டம் விண்ணப்பிக்கச் சொன்னது. கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரிக்கு முன் ஏழு வருசம், ஆகாதவர் என்றால் பத்து வருசம் இங்கே விடாமல் குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். அண்ணன் இங்கே, தங்கச்சி கோத்தகிரியில் என்று ஆனது அப்படித்தான். 2003இல் வந்த சட்டம், 1964இலிருந்து இங்கே இருப்பவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமையைக் கொடுத்துக் கணக்கை முடித்தது. ஐயாவின் கணக்கில் அது இன்னும் முடியவில்லை.

"இப்ப எல்லாருக்கும் ஐ.சி. இருக்கே ஐயா" என்றான் பையன்.

"அப்பாவும் ஒரு தாள் தேவையில்லன்னுதான் எறிஞ்சாரு" என்றார் ஐயா. எந்தத் தாள் என்று சொல்லவில்லை.

பையன் கெட்டிக்காரன். அழிப்பதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஒரு கோப்பின் அளவைப் பார்த்தான்: 104 எம்.பி. ஒரேயொரு பக்கம்! ஸ்கேனரை யாரோ 600 டி.பி.ஐ., முழுக் கலர், பி.எம்.பி. என்று வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பி.எம்.பி. எதையும் சுருக்காது, தாளின் வெள்ளை இடத்தையும் புள்ளி புள்ளியாக எழுதி வைக்கும். 1956இல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்ட் டிஸ்க் ஐம்பது தட்டு, கிட்டத்தட்ட ஒரு டன் எடை, மொத்தம் 50 இலட்சம் எழுத்துத்தான் பிடிக்கும். ஐயாவின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை வைக்க அந்த மாதிரி இருபதுக்கு மேல் இறக்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரில்கூட இடம் பத்தாது.

அதே தாளை 200 டி.பி.ஐ.யில், சாம்பல் நிறத்தில், ஜேபெக்காக மாற்றினான். ஒரு எம்.பி.கூட வரவில்லை. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். முத்திரை தெரிகிறதா? தெரிகிறது. ரெஜிஸ்ட்ராரின் கையெழுத்து? தெரிகிறது. கறையான் ஓட்டை?

"அதுவும் இருக்குங்க ஐயா."

"நூத்திலிருந்து ஒண்ணுக்கு எறக்கியிருக்கே. நாளாக நாளாக எழுத்து உதிராதா?"

உதிராது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். எல்லாப் பக்கமும் மாறி முடிய இருட்டிவிட்டது. ஐயா வீட்டு அம்மா மூன்று தரம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். புதிய படங்களைப் பென் டிரைவ் ஒன்றிலும், மகனின் கூகுள் கணக்கிலும் பிரதி எடுத்து வைத்தான். அதன் பிறகு, ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஒரு நிமிசத்தில், பழைய பி.எம்.பி.களை ஷிப்ட் டிலீட்டில் அனுப்பினான். கோடு சிவப்பிலிருந்து நீலமானது. குத்துவிளக்குகள் மூன்றும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அதில் கை வைக்க அவனுக்கும் தைரியம் வரவில்லை.

ஐயா திரும்பினார். கோபப்படவில்லை. ஆபீஸ்காரர் ஆயிற்றே, நடைமுறைதான் கேட்டார்.

"அழிச்சதுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் வேணும் தம்பி."

பையன் கோப்புப் பெயர்களை எடுத்து, திகதி போட்டு, வேர்டில் அடித்து 'அழித்தவை' என்று டெஸ்க்டாப்பில் வைத்தான். ஐயா அதை வரிவரியாக வாசித்து, 'அழித்தவை பிரதி' என்று இன்னொன்றும் வைக்கச் சொன்னார். நாளைக்கு டவுனில் இரண்டு பிரின்ட் எடுத்து வரச் சொல்லி இருபது ரூபா நாணயத்தையும் நீட்டினார். படியிறங்கியவனை வாசலில் மறுபடி கூப்பிட்டு நிறுத்தினார்.

"இதுக்கு ஜே.பி. கையெழுத்து வேணுமா தம்பி, இல்ல கிராம சேவகரே போதுமா?"