ஸ்லைடு செட்டுக்காரர்

செல்பேசி தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் சட்டைப்பையில் குடியேறிய வரலாற்றை எழுதுவோர் கட்டணக் குறைப்பையும் கோபுரங்களின் பெருக்கத்தையும் பற்றியே பெரிதும் பேசுகின்றனர். ஏறத்தாழ 2006 முதல் 2010 வரை நம் அலுவலகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மின்சார ரயில்களிலும் தழைத்திருந்து, தொடுதிரை வந்ததும் சந்தடியில்லாமல் மறைந்துபோன ஸ்லைடு செட்டுக்காரர் என்னும் மனித வகையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஸ்லைடு செட் என்பது திரை பொருந்திய மேற்பாதியும் எண் விசைகள் பொருந்திய கீழ்ப்பாதியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, கட்டைவிரலால் தள்ளியதும் மேற்பாதி சறுக்கி ஏறி விசைகளை வெளிக்காட்டும் செல்பேசியாகும். அதை வைத்திருந்தவர் எல்லாரும் ஸ்லைடு செட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை. மகன் கழித்துப் போட்ட செட்டை வாங்கிக்கொண்டு, அது ஏன் இரண்டாக நகர்கிறது என்று கடைசி வரை கேளாமலே பயன்படுத்திய பெரியவர்கள் இவ்வகையில் அடங்கார். தள்ளுவதற்கென்றே காசு கொடுத்து வாங்கியவர் எவரோ அவரே இங்கு ஆய்வுப் பொருள்.

இவரது தோற்றத்தை விளக்க 2003-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். உள்வரும் அழைப்புக்கும் காசு பிடிக்கும் வழக்கம் ஒழிந்தது அவ்வாண்டில்தான். ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்துக்குச் செல்பேசி தருவதாக அறிவித்ததும் அவ்வாண்டில்தான். உச்சியில் டார்ச் விளக்கு வைத்த நோக்கியா 1100 வெளிவந்து, உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்பனையாகப் புறப்பட்டதும் அவ்வாண்டில்தான். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியாவின் ஆலை உற்பத்தியைத் தொடங்கிவிட, கையில் செல்பேசி இருப்பதே கௌரவம் என்றிருந்த காலம் போய், அலுவலக மேலாளரும் கடைநிலை ஊழியரும் வாசலில் இளநீர் வெட்டுபவரும் ஒரே செட்டை வைத்திருக்கும் நிலை உண்டாயிற்று. அரசியல் சாசனம் தரும் சமத்துவத்தைச் சங்கக் கூட்டங்களில் மேசையைத் தட்டிப் பாராட்டும் நம் ஆய்வுப் பொருளாகிய தலைமை எழுத்தர், மண்டபத்தில் ஒரு மணி ஒலித்தால் பதினோரு பேர் சட்டைப்பையைத் தடவிக்கொள்ளும் இந்தச் சமத்துவத்தை மட்டும் தாங்கமாட்டாதவரானார்.

எனவே ஒரு சனிக்கிழமை மாலை அவர் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குச் செல்கிறார். பில் இல்லாமல் வாங்கத் துணிந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உருவான பர்மா பஜார் பக்கம் போவதுண்டு. இவர் அரசு ஊழியராதலால் பில் முக்கியம். கடையில் அவர் கேமரா எத்தனை மெகாபிக்சல், கம்பியில்லாமல் பாட்டை அனுப்பும் புளூடூத் உண்டா, மெமரி கார்டு எத்தனை ஜிபி ஏற்கும், எஃப்.எம். ரேடியோ வருமா என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர் போல ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைப் பையன் பதில் சொல்லிக்கொண்டே செட்டைக் கையில் எடுத்து, பழக்க தோஷத்தில் ஒரு முறை தள்ளி மூடுவான். கேள்விகள் அத்துடன் நின்றுவிடும். மற்றப் பொருத்தங்கள் எல்லாம் பிற்பாடு மனைவியிடம் விலையை நியாயப்படுத்துவதற்குத்தான் பயன்பட்டனவே தவிர, கல்யாணம் முடிவானது அந்த ஒரு தள்ளலில்தான்.

தள்ளலின் சூட்சுமம் எளியது. இரண்டு பாதிகளுக்கும் நடுவே மெல்லிய தகடுகளும் ஒரு சிறு சுருள்வில்லும் உள்ளன. வில்லின் ஒரு முனை மேற்பாதியிலும் மறுமுனை கீழ்ப்பாதியிலும் பிணைக்கப்பட்டிருப்பதால், நகரும் தூரத்தில் பாதி வரைக்கும் அது விரலை எதிர்த்து நிற்கும். பாதியைக் கடந்த மாத்திரத்தில் அதே வில் கட்சி மாறி, மீதித் தூரத்துக்குத் தானே தள்ளிக்கொண்டு போய் ‘டக்’ என்று நிறுத்தும். பாதி வேலையை மட்டும் செய்தால் மீதி தானாக முடிந்து, முடிந்ததற்கு அறிவிப்பும் ஒலிக்கிற ஒரு பொருளைத் தம் பணிக்காலத்தில் முதன்முறையாகக் காணும் தலைமை எழுத்தர் அதில் மனத்தைப் பறிகொடுத்ததைக் குறை சொல்வதற்கில்லை.

1970-களில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் கவ்விய நாள்தொட்டுத் தமிழ் ஆடவனுக்கு ஒரு கைவித்தை தேவைப்பட்டே வந்திருக்கிறது. சிகரெட்டை வீட்டில் விடமாட்டார்கள். கண்ணாடியைச் சுழற்றலாமென்றால் அது பவர் கண்ணாடி. துண்டை உதறித் தோளில் போடுவதற்குப் பேன்ட் இடம் கொடுக்காது. ஸ்லைடு செட்டோ நாற்பத்தைந்து வயதுக்காரரும் பயிற்சியின்றிச் செய்யத்தக்க, உடல்நலத்துக்குக் கேடில்லாத ஸ்டைலாக வந்து சேர்ந்தது. இந்த ஏக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1996-இல் வந்த நோக்கியா 8110-இன் விசைமூடியைக் கையால்தான் நகர்த்த வேண்டும். 1999-இல் வெளியான ‘தி மேட்ரிக்ஸ்’ திரைப்படத்துக்காக அதற்குள் ஒரு வில்லைப் பொருத்தி, மூடி தானே தெறித்து இறங்கும்படி செய்தார்கள். கடையில் விற்ற 8110-க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதே ஆண்டில் அறிமுகமான 7110-இல்தான் வில் உண்மையாகவே இடம்பெற்றது. ஹாலிவுட் கதாநாயகனுக்கே வில்லை வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் தலைமை எழுத்தர் எம்மாத்திரம்?

அன்றாட வாழ்வில் இந்த ‘டக்’ பொருளாதார முக்கியத்துவமும் உடையது. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்னும் கணக்கைக் கொண்டுவருவதற்கு முன், பெரும்பாலான திட்டங்களில் பேச்சுக்கான கட்டணம் நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிடப்பட்டது. பல்ஸ் எனப்பட்ட இவ்வலகின்படி 61 நொடி பேசியவர் இரண்டு நிமிடத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும். சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தும் சாதாரண செட்டுக்காரர் இரண்டு, மூன்று நொடிகளைத் தேடுவதிலேயே இழந்துவிடுவார். ஸ்லைடு செட்டுக்காரரோ செட்டைக் காதிலிருந்து எடுத்துத் திரையில் ஓடும் நொடிகளைப் பார்ப்பதும் மீண்டும் காதில் வைப்பதுமாக இருந்து, 58-ஆம் நொடியில், “பெரியம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு, டாக்டர் என்ன சொல்றாருன்னா” என்ற இடத்தில் டக்கென்று மூடிவிடுவார். டாக்டர் சொன்னதைத் தெரிந்துகொள்ள மறுமுனையில் இருப்பவர் பதறியடித்துத் திரும்ப அழைப்பார். உள்வரும் அழைப்பு இலவசமாதலால் பெரியம்மாவின் நோய் இனி அவர் செலவிலேயே விவரமாகப் பேசப்படும்.

மேலதிகாரியுடனான உறவிலும் இதற்குப் பங்கு உண்டு. அதிகாரி பேசி முடித்துத் தாமே இணைப்பைத் துண்டித்துவிட்ட பிறகு, காதில் ஒன்றும் கேளாத அந்தச் செட்டைப் பார்த்து, “இதோ பாருங்க சார், என்னால முடியாதுன்னா முடியாது” என்று பிரிவு முழுவதும் கேட்கச் சொல்லி, ஓங்கி மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பொத்தானை அழுத்தி வைக்கும் செட்டில் இந்த வீரத்தைக் காட்ட வழியே இல்லை.

ஆனால் கருவி தன் தர்மத்திலிருந்து வழுவுவதில்லை என்பதால் சில இழப்புகளும் நேர்ந்தன. மேலே தள்ளினால் அழைப்பை ஏற்பது, கீழே இழுத்தால் துண்டிப்பது என்று அமைப்பை வைத்திருப்பதே இவ்வினத்தாரின் மரபு. அழைப்பவர் பெயர் மூடியிருக்கும்போதே திரையில் தெரியும். தெரிவதைப் படித்த பின் தள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. விரலோ கண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. இதனால், மூன்று மாதமாகத் தவிர்த்துவந்த சீட்டுக்காரருக்கும் பாலிசி எடுக்கச் சொல்லும் ஒன்றுவிட்ட மைத்துனருக்கும் முதல் மணியிலேயே ‘ஹலோ’ சொல்லும் பாக்கியம் இவருக்குக் கிடைத்தது. இதற்கு மறுதலையாக, பேசிக்கொண்டே சும்மா இராமல் செட்டைப் பாதி இறக்குவதும் ஏற்றுவதுமாக விளையாடுகையில், வில் கட்சி மாறும் அந்த நடுப்புள்ளியை விரல் ஒரு நூலிழை தாண்டிவிட, “மாப்ளே, அந்த நெலத்த உங்க பேருக்கே” என்று மாமனார் சொல்லத் தொடங்கிய வாக்கியம் டக்கென்று அறுந்து, பின்னர் ஒருபோதும் முடிக்கப்படாமல் போன குடும்பங்களும் உண்டு.

குறுஞ்செய்தி அனுப்புவது தனிப் பாடு. 1, 2, 3 ஆகிய விசைகளின் வரிசை மேற்பாதியின் விளிம்பை ஒட்டிப் பள்ளத்தில் கிடப்பதால் கட்டைவிரல் அங்கே முழுதாக இறங்காது; நகத்தின் ஓரத்தால் நெம்ப வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ஏ முதல் எஃப் வரை அந்த வரிசையில்தான் இருக்கின்றன என்பதால், அம்மா, அப்பா, அக்கா என்று எவரைக் கூப்பிட எண்ணினாலும் முதல் எழுத்திலேயே நகம் இடிக்கும். ஆகவே இவர் செய்தி எழுதுவதைக் கைவிட்டு, வந்த செய்தியைப் பிறருக்குத் தள்ளிவிடும் கலையில் தேர்ந்தவரானார். இன்று நமக்கு விடியுமுன் வந்து குவியும் காலை வணக்கங்களின் மூதாதையர் இவர்களே என்று கருத இடமுண்டு.

மற்ற வசதிகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கேமராவில் அவர் எடுத்த முதல் படம் மேசை. இரண்டாவது, அதே மேசை. 1 ஜிபி மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்குச் சென்று, இளையராஜா பாதி, எம்.எஸ். விஸ்வநாதன் பாதி என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் கேட்டால், கடைக்காரரின் சொந்த விருப்பமான குத்துப்பாட்டுகள் இருநூறு ஒலிக்கும். பக்கவாட்டில் பாட்டுக்கென்றே விசைகள் வைத்த, சிவப்பும் வெள்ளையுமான நோக்கியா 5300-ஐ வைத்திருந்தவர்கள் இதை இன்னும் சத்தமாக அனுபவித்தார்கள்.

இவ்வினத்துக்குள்ளும் மேலோர் உண்டு. 2007-இல் விற்பனைக்கு வந்த நோக்கியா என்95 இரண்டு பக்கமும் நகரும். மேலே தள்ளினால் எண்கள், கீழே தள்ளினால் பாட்டுக்கான விசைகள். அதை வைத்திருந்தவர் முன்னிலையில் ஒருவழிச் சறுக்குக்காரர் தம் செட்டை வெளியே எடுப்பதில்லை. ஆயினும் இந்த ஒருவழிக்காரருக்கும் ஒரு பொற்காலம் வாய்த்தது. 2007 ஆகஸ்டில் பிஎல்-5சி என்னும் பேட்டரிகளில் ஒரு பகுதி மின்னேற்றத்தின்போது அளவுமீறிச் சூடாகலாம் என்று நோக்கியா நிறுவனமே எச்சரித்து, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தர முன்வந்தபோது, ஊரே செட்டின் முதுகைக் கழற்றி எண்ணைப் படித்துக்கொண்டிருந்தது. 5300-க்குரியது பிஎல்-5பி என்னும் வேறு பேட்டரி. “நம்மளது பி, சி இல்ல” என்று அந்த வாரம் முழுவதும் தேநீர் வேளையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டவருக்கு விடையாகச் செட்டைத் தள்ளிக் காட்டினார்.

வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை. பழைய 1100 வழக்கப்படி மனைவிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 2008 முதல் மாநிலத்தில் மின்வெட்டு கடுமையாகவே, மாலையில் விளக்கு அணைந்ததும் அந்த அம்மையார் ஒரு பொத்தானை அழுத்தி அடுப்படி முழுவதையும் காட்டும் வெளிச்சத்தில் தோசையைத் திருப்பிப் போட, கூடத்தில் இருந்த இவர் திரையின் நீல ஒளியைத் தரையில் காட்டிச் செருப்பைத் தேடுவார். அவ்வொளி சில நொடிகளில் தானே மங்கிவிடும் இயல்புடையது. மங்காதிருக்க வேண்டுமானால் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் டக், டக் என்ற சத்தம் கேட்டு, “என்னங்க, பல்லியா?” என்று உள்ளிருந்து குரல் வரும்.

செட்டின் இறுதிக் காலம் இரண்டு காரணங்களால் நெருங்கியது. சட்டைப்பையில் செட்டோடு கூடவே கோயிலில் மடித்துக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலமும் இருப்பது முதலாவது. வெள்ளிதோறும் ஒரு சிட்டிகை வீதம் சறுக்குத் தடத்தில் இறங்கிய திருநீறு, வியர்வையோடு குழைந்து இறுகி, வழவழவென்று ஓடியதை நறநறவென்று ஓடச் செய்தது. ஊசியால் சுரண்டி எடுத்ததைக் கீழே கொட்ட மனமில்லாமல் நெற்றியில் இட்டுக்கொண்டவர்களும் உளர். இரண்டாவது காரணம் பிளக்ஸ் கேபிள். மேற்பாதியின் திரைக்கும் கீழ்ப்பாதியின் மின்பலகைக்கும் இடையே குறிப்புகளைக் கொண்டுசெல்லும் மெல்லிய நாடா அது. ஒவ்வொரு தள்ளலிலும் மடிந்து விரிவதால், எத்தனை தள்ளலுக்கு அதன் ஆயுள் என்பது கிட்டத்தட்ட அது பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. முதலில் திறந்தால் திரை வெளுக்கும், மூடினால் தெரியும். பிறகு பாதி திறந்த நிலையில் மட்டும் தெரியும். அந்த நிலையில் நிற்க வில் சம்மதிக்காதென்பதால், ஒரு கையால் செட்டைப் பாதியில் பிடித்து நிறுத்திக்கொண்டு மறுகையால் எண்ணைத் தேடும் தலைமை எழுத்தரைப் பல அலுவலகங்களில் பார்க்க முடிந்தது.

பழுது பார்க்கும் கடைப் பையன் செட்டைக் காதருகே வைத்து ஒரு முறை தள்ளிப் பார்த்ததும் நோயைச் சொல்லிவிடுவான். “பிளக்ஸ் போயிடுச்சு சார். மாத்தித் தரேன், ஆனா இனிமே சும்மா சும்மா தள்ளாதீங்க. போன் வந்தா மட்டும் தொறங்க.”

“போன் வந்தா மட்டும் தொறக்கிறதுக்கு எதுக்குப்பா ஸ்லைடு செட்டு?” என்று அவர் கேட்பார், அதற்கு விடை கூறாமல் பையன் திருப்புளியைக் கையில் எடுப்பான். அரை மணி நேரத்தில் புது நாடா பூட்டப்பெற்றுச் செட் கைக்கு வரும். வாங்கும் பொருளைச் சோதித்து வாங்குவது நுகர்வோரின் உரிமையாதலால், பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் அங்கேயே நின்று ஏழெட்டு முறை தள்ளிப் பார்ப்பார்.