ஒரே கடைக்கு இரண்டு சிவப்பு

கேள்வி: ஜவுளிக்கடை ஒன்றுக்கு லோகோ நாங்கள் செய்கிறோம், தீபாவளிப் பைகளும் பேனர்களும் இன்னொரு டிசைன் நிறுவனம். சேர்ந்து வேலை செய்தால் வாடிக்கையாளரைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ?
– வாசகி, கோவை

பதில்: அந்தப் பயத்துக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: கடைக்காரரிடம் யார் பேசுவது, யார் பில் போடுவது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிவப்பு மையைப் பற்றித்தான் கவலைப்படுவேன். திரையில் ஆர்ஜிபியில் ஜொலிக்கும் சிவப்பு, அச்சில் சிஎம்ஒய்கேவுக்கு மாறியதும் மங்கிவிடும். ஆளுக்கொரு கலவை வைத்தால் பை குங்குமம், பேனர் செங்கல். முதல் நாளே பான்டோன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய வம்பு தமிழ் எழுத்துரு. பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத அவர்கள் கணினியில் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். அம்மாவுக்கே இந்தக் கதி என்றால் ‘ஆடித் தள்ளுபடி’ என்ன ஆகும்! வாசகங்களை யூனிகோடில் பரிமாறுங்கள். அச்சுக்குப் போகும் கோப்பில் மட்டும் எழுத்தைக் கர்வ் ஆக்குங்கள். பிழை திருத்தம் அதற்கு முன்பே முடியட்டும், பிறகு ஒற்று சேர்க்க வழியில்லை.

மொத்தமாக அச்சடிக்கும் முன், மாதிரிப் பையையும் மாதிரி பேனரையும் இருவரும் ஒரே இடத்தில், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.