மேயர் வேடத்தில்

நடிகருக்கு மார்க்கெட் போனால் நம்மூரில் சீரியலில் அப்பா வேடம் கொடுப்பார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு நகரத்தையே கொடுப்பார்கள். மார்க்கெட் இருக்கும்போதே போய்க் கேட்டாலும் மறுக்கமாட்டார்கள். 1969இல் மணிலாவை ஒட்டிய சான் ஹுவானுக்கு ஜோசப் எஸ்ட்ராடா மேயரானபோது அவர் உச்ச நட்சத்திரம். திரையில் ஏழைகளுக்காக அடிவாங்கித் திருப்பி அடிக்கும் சண்டியர். 1986 வரை அவரே மேயர். 1992இல் மகன் ஜிங்கோய், அவரும் நடிகர். 2001இல் இன்னொரு துணைவியின் மகன் ஜே.வி. 2010இலிருந்து 2019 வரை அந்த ஜே.வி.யின் தாய். எந்த நாடகக் கம்பெனியும் ஒரே ஊரில் இத்தனை காலம் கொட்டகை போட்டதில்லை.

இடையில் எஸ்ட்ராடா ஜனாதிபதியாகவும் ஆனார். 1998இல் ஏழைகளின் தோழன் என்று ஓட்டுக் கேட்டார்; ஏழைகள் அள்ளிக் கொடுத்தார்கள். 2001 ஜனவரியில் மக்கள் தெருவில் இறங்கி அவரை அரண்மனையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 2007 செப்டம்பரில் ஊழல் வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம், பொதுப்பணக் கொள்ளைக்கென்றே இருக்கும் சட்டத்தின்கீழ் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குற்றங்களில் ஒன்று, சட்டவிரோதச் சூதாட்டத்திலிருந்து மாமூல் வாங்கியது. அந்தச் சூதாட்டத்தில் சில்லறைக் காசு கட்டுபவர்கள் யார்? அதே ஏழைகள்தான்.

தீர்ப்பு வந்து ஆறு வாரத்தில் ஜனாதிபதி அர்ரோயோ மன்னித்துவிட்டார். இனி எந்தத் தேர்தல் பதவியும் நாடமாட்டேன் என்று எஸ்ட்ராடா பகிரங்கமாக உறுதி சொன்னதாக அந்த மன்னிப்பு ஆணையிலேயே எழுதியிருந்தது. அந்த உறுதியோடு 2010இல் ஜனாதிபதி தேர்தலில் நின்று இரண்டாம் இடம் பிடித்தார். 2013இல் மணிலா மேயர். வழக்குப் போட்டார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது: அந்த வரி முகவுரையில்தான் இருக்கிறது, நிபந்தனையாக இல்லை. முகவுரையில் சொன்ன வாக்குக்கு மதிப்பில்லை என்று தெரிந்திருந்தால் உலகத்தில் எத்தனை தேர்தல் அறிக்கைகளை முகவுரை என்றே அச்சடித்திருப்பார்கள்!

2013இல் அவரிடம் தோற்ற ஆல்ஃபிரெடோ லிம் முன்னாள் போலீஸ் அதிகாரி, எஸ்ட்ராடா அமைச்சரவையிலேயே உள்துறையைப் பார்த்தவர். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘டர்ட்டி ஹாரி’. சினிமா டர்ட்டி ஹாரியான கிளின்ட் ஈஸ்ட்வுட்டோ 1986இல் கலிஃபோர்னியாவில் கார்மெல் என்ற குட்டி ஊருக்கு நிஜமாகவே மேயரானவர். இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் படம் எடுக்கத் திரும்பிவிட்டார். வேடம் முடிந்தால் மேக்கப்பைக் கலைக்கத் தெரிந்தவர் என்ற மரியாதையை அவருக்குக் கொடுக்கலாம்.

மணிலாவில் கலைக்கமாட்டார்கள். 2014 பிப்ரவரியில் நெரிசலைத் தீர்க்கிறேன் என்று பகலில் லாரிகளுக்குத் தடை போட்டார் மேயர் எஸ்ட்ராடா. சினிமாவில் கையைக் காட்டினால் லாரி நிற்கும், காட்சி முடியும். நிஜத்தில் லாரி நின்றால் துறைமுகம் நிற்கிறது. கண்டெய்னர்கள் மலையாகக் குவிந்து நாட்டின் வியாபாரமே மூச்சு முட்டிய பிறகு, செப்டம்பரில் தடையை எடுத்தார்கள்.

2019இல் அவரைத் தோற்கடித்தவராவது வேறு தொழிலா? இல்லை, இஸ்கோ மொரேனோவும் நடிகர்தான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: எஸ்ட்ராடா திரையில் வாழ்ந்த சேரியில் இவர் நிஜமாக வாழ்ந்தவர். மணிலாவின் தொண்டோவில் குப்பை பொறுக்கி, ஓட்டல் எச்சில் கோழியைக் கழுவி மறுபடி பொரித்துத் தின்று வளர்ந்தவர். 1998இலிருந்து கவுன்சிலர், துணை மேயர் என்று படிப்படியாக வந்தவர். மேயரானதும் அவர் கைதட்டல் வாங்கிய முதல் காட்சி என்ன தெரியுமா? டிவிசோரியா கடைத்தெருவில் நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்தியது. 2022இல் ஜனாதிபதி கனவு கலைந்தது. 2025இல் மறுபடி மணிலா மேயர்.

இதையெல்லாம் பார்த்து ‘முட்டாள் ஜனங்கள்’ என்று குளிர்சாதன அறையிலிருந்து உச்சுக்கொட்டும் படித்தவர்களைத்தான் முதலில் நான்கு சாத்து சாத்த வேண்டும். ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாத பிலிப்பைன்ஸ் ஏழை, அரசியல்வாதியின் உத்தரவாதக் கடிதத்துக்காக வரிசையில் நிற்கிறான். சாவு வீட்டுச் செலவுக்கும் அதே வாசல். உரிமையாக வரவேண்டியதைப் பிச்சையாக மாற்றிவைத்தவர்கள் நடிகர்கள் அல்ல; பரம்பரைப் பண்ணையார்களும் வக்கீல்களும். எப்படியும் கையேந்தத்தான் வேண்டும் என்றால், தெரிந்த முகத்திடம் ஏந்துகிறான். அதில் என்ன முட்டாள்தனம்?

சட்டம் இல்லாமலும் இல்லை. 1987 அரசியல் சாசனம் குடும்ப ஆட்சியைத் தடைசெய்கிறது, ‘சட்டம் வரையறுக்கும்படி’ என்ற ஒரு வாலோடு. அந்த வரையறையை எழுத வேண்டியது நாடாளுமன்றம். அதை எழுதாமலே சாசனத்துக்கு முப்பத்தைந்து வயதான பிறகு, 2022இல், ஒர்மொக் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். நடிகர் ரிச்சர்ட் கோமஸ் மேயர். மனைவி, நடிகை லூசி தோரஸ், நாடாளுமன்ற உறுப்பினர். இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். மனைவி மேயரானார். குடும்ப ஆட்சி என்றால் என்ன என்று வரையறுக்கக் கணவர் நாடாளுமன்றத்துக்குப் போனார்.